ஃப்ளீஸ் துணியை நாடாவாக்கித் தடித்த விரிப்பு பின்னுதல்: முழுமையான வழிகாட்டி

மார்கழி மாதத்து விடியற்காலையில் செட்டிநாட்டின் ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் (வீட்டின் உள்முற்றக் கூடத்தில்) வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்கு, அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலிலிருந்து முழங்கால்வரை ஏறும் விதம் தெரியும். சித்திரையில் வரமாக இருக்கும் அதே தரை, வயதானவர்களுக்கு அந்த ஒரு மாதம் மட்டும் தொல்லையாகிவிடுகிறது. அதற்காகவே ஃப்ளீஸ் போர்வைகளை நாடாவாக வெட்டி, விரல் தடிமன் உள்ள நூலாக்கி, பெரிய ஊசிகளில் விரிப்பு பின்னத் தொடங்கினேன். இரண்டு அடி அகலமும் மூன்று அடி நீளமும் கொண்ட, அதாவது ஏறத்தாழ 60 செ.மீ.க்கு 90 செ.மீ. அளவுள்ள ஒரு விரிப்பை முதலிலிருந்து முடிவுவரை பின்னும் முறையை இங்கே விளக்குகிறேன். பின்னல் தெரியாதவர்களும் தொடரக்கூடிய வேலை இது. ஆனால் துணியைச் சரியாக வெட்டாமல் ஊசியைத் தொட்டால் எந்தக் கைத்திறமையும் அதைக் காப்பாற்றாது என்பதால், வெட்டும் பகுதியைச் சற்று நீட்டியே எழுதியிருக்கிறேன்.

செட்டிநாட்டு வீடுகளுக்குப் பின்னல் புதியதன்று. ஓலைக் கொட்டானுக்கு (சிறு கூடைக்கு) குரோஷா உறையும் பாசிமணி வேலையும் செய்த கைகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகள் பழகியது மெல்லிய நூலும் மெல்லிய கொக்கி ஊசியும். தடித்த நாடாவைப் பிடிக்கும்போது அவர்கள் செய்யும் முதல் தவறு, பழைய பழக்கத்தில் ஒவ்வொரு கண்ணியையும், அதாவது ஒவ்வொரு பின்னல் வளையத்தையும், இறுக்கி இழுப்பதுதான். இந்த வேலைக்கு இறுக்கம் ஆகாது.

துணியைப் பற்றி

ஃப்ளீஸ் என்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையில் நெய்யப்படாமல் பின்னப்பட்ட துணி. பின்னிய துணியின் பரப்பில் உள்ள சிறு வளையங்களைக் கம்பித் தூரிகைகளால் கிளறிவிட்டு, எழும்பி நிற்கும் இழைகளைச் சமமாகக் கத்தரித்து அந்த மெத்துத்தன்மையை உண்டாக்குகிறார்கள். இன்று நாம் காணும் ஃப்ளீஸ், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரத்தில் இயங்கிய மால்டன் மில்ஸ் ஆலையிலிருந்து 1979ஆம் ஆண்டளவில் வந்தது. 1993இல் படகோனியா நிறுவனம் பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி எடுத்த இழையிலும் அதைச் செய்யத் தொடங்கியது. பாட்டிலுக்கும் பாலியெஸ்டர் துணிக்கும் மூலப்பொருள் ஒன்றே என்பதால் அது முடிந்தது.

இந்தப் பிறப்பிலிருந்து நமக்கு வேண்டிய மூன்று குணங்கள் வருகின்றன. கிளறப்பட்ட இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருப்பதால் வெட்டிய ஓரம் பிரிந்து நூல் நூலாகக் கொட்டாது. ஆகவே ஓரம் அடிக்க வேண்டிய வேலை இல்லை. பின்னிய துணி என்பதால் ஒரு திசையில் நன்றாக நீளும். பாலியெஸ்டர் என்பதால் நீரைத் தனக்குள் உறிஞ்சாது, விரைவில் காயும். மூன்றாவது குணத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. குளியலறை வாசலில் ஈரக் காலைத் துடைக்க இது உதவாது. அதற்குத் திருப்பூர் பனியன் துணியின் கழிவுத் துண்டுகளை நாடாவாக்கிப் பின்னுவதே நல்லது. கட்டிலோரம், ஊஞ்சல் பலகை, குளிர்சாதன அறை, பூசையறைக்கு வெளியே தாத்தா உட்காரும் இடம் ஆகியவற்றுக்கு ஃப்ளீஸ் பொருந்தும்.

வாங்கும்போது மீட்டர் கணக்கில் துணி தேடி அலைய வேண்டியதில்லை. ஒற்றை அடுக்கு ஃப்ளீஸ் போர்வை இரண்டு போதும். 150 செ.மீ.க்கு 200 செ.மீ. அளவுள்ள போர்வை மூன்று சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 220 கிராம் எடையுள்ள நடுத்தரத் துணியாக இருந்தால் ஒரு போர்வை 660 கிராம் இருக்கும். கடையில் எடை சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் அந்த எண் தேவைப்படும். இரண்டு அடுக்கு ஒட்டிய தடித்த போர்வை, பின்பக்கம் ரப்பர் போன்ற பூச்சு உள்ளது, நீண்ட முடி வைத்தது ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளங்கையால் இருபது முறை அழுத்தித் தேய்த்துப் பார்த்துப் பொடி உருண்டைகள் திரண்டால் அந்தத் துணி விரிப்புக்கு ஆகாது.

நிறத்தில் என் விருப்பம் கண்டாங்கிச் சேலையின் அரக்கும் மாம்பழ மஞ்சளும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலையின் கட்டங்களைத் தடித்த பின்னலில் எளிதாகக் காட்டலாம். ஒரு போர்வை அரக்கு, ஒரு போர்வை மஞ்சள் என்று எடுத்தால் கணக்கும் சரியாக வரும். வெளிர் நிறங்கள் எங்கள் செம்மண் தூசிக்குத் தாங்குவதில்லை.

நீளும் திசையைக் கண்டுபிடித்தல்

துணியின் ஓர் ஓரத்தை இரு கைகளாலும் ஒரு சாண் இடைவெளியில் பிடித்து இழுங்கள். பிறகு அதற்குக் குறுக்கான ஓரத்தையும் அதேபோல் இழுங்கள். ஒரு திசையில் துணி தாராளமாக நீண்டு, வெட்டிய ஓரம் பாய் சுருள்வதுபோல் தானாகச் சுருளும். மறு திசையில் கொஞ்சம் மட்டுமே கொடுக்கும். நாடாவின் நீளவாக்கு எப்போதும் அந்தத் தாராளமான திசையில்தான் அமைய வேண்டும். அப்போதுதான் நாடாவை இழுத்தவுடன் இரு ஓரங்களும் உள்ளே மடங்கி, தட்டையான துணித்துண்டு உருண்ட கயிறாக மாறும். போர்வைகளில் இந்தத் திசை பெரும்பாலும் 150 செ.மீ. பக்கத்தோடு ஒத்துப்போகும், ஆனாலும் சோதிக்காமல் நம்பக் கூடாது.

நான் நம்பினேன். எப்படி வெட்டினாலும் ஒன்றுதான் என்று கடையில் ஒருவர் உறுதியாகச் சொன்னதைக் கேட்டு, முதல் போர்வை முழுவதையும் நீளாத திசையில் வெட்டி முடித்த பிறகே இழுத்துப் பார்த்தேன். நாடாக்கள் ரிப்பனைப்போல் தட்டையாகவே கிடந்தன. பிடிவாதமாக அவற்றைக் கொண்டு பின்னிய ஒரு முழம் துண்டு, அட்டைப் பெட்டியை மடித்ததுபோல் விறைத்து நின்றது. முழுவதும் ஒரு திண்டுக்குள் போயிற்று. ஆகவே ஒரு முழம் நீளத்தில் இரண்டு நாடாக்களை மட்டும், திசைக்கு ஒன்றாக, முதலில் வெட்டி இழுத்துப் பாருங்கள். எது உருளுகிறதோ அதுவே திசை.

நாடா வெட்டுதல்

அகலம் 2.5 செ.மீ., அதாவது ஓர் அங்குலம். 2 செ.மீ.க்குக் குறைந்தால் இழுக்கும்போது அறுந்துவிடக்கூடும்; 4 செ.மீ.க்கு மேல் போனால் 15 மி.மீ. ஊசி தாங்காது, கையும் வலிக்கும். மடித்துத் தைக்கப்பட்ட போர்வை ஓரங்களை முதலில் வெட்டித் தனியே வையுங்கள். துணியை மேசையிலோ வழுக்காத தரையிலோ விரித்து, தையல் சாக்கட்டியால் 2.5 செ.மீ. இடைவெளியில் கோடுகள் போடுங்கள். சக்கரக் கத்தியும் அதற்கான அடிப்பலகையும் இருப்பவர்களுக்கு வேலை பாதியாகும். இல்லாதவர்களுக்கு நீண்ட அலகுள்ள தையல்காரர் கத்தரிக்கோல் போதும், ஆனால் அது புதிதாகச் சாணை பிடித்ததாக இருக்கட்டும்.

ஒவ்வொரு நாடாவையும் தனியாக வெட்டினால் ஒரு போர்வையில் ஏறத்தாழ எண்பது துண்டுகள் வரும், கிட்டத்தட்ட அத்தனை இணைப்புகளும் வரும். அதைத் தவிர்க்க, வலப்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு போய் இடப்பக்க ஓரத்துக்கு 2.5 செ.மீ. முன்னால் நிறுத்துங்கள். அடுத்த கோட்டை இடப்பக்கத்திலிருந்து தொடங்கி வலப்பக்க ஓரத்துக்கு 2.5 செ.மீ. முன்னால் நிறுத்துங்கள். இப்படி மாற்றி மாற்றி வெட்டினால் வயலில் ஏர் திரும்புவதுபோல் நாடா ஒவ்வொரு முனையிலும் திரும்பிக்கொண்டு, முழுப் போர்வையும் ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள ஒரே நாடாவாகிவிடும். திரும்பும் இடங்களில் சதுரமான மூலை துருத்திக்கொண்டிருக்கும். அதைக் கத்தரிக்கோலால் வளைவாக நறுக்கிவிடுங்கள். நறுக்காமல் விட்டால் பின்னிய பிறகு அந்த இடத்தில் பூனைக் காது போல் ஒரு முனை வெளியே நிற்கும்.

வெட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து கிளம்பும் மெல்லிய இழைத்தூள் பிளாஸ்டிக்தான். அதை முற்றத்தில் கூட்டித் தள்ளி மழைநீர் வடிகாலில் சேர விடாமல், ஈரத் துணியால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போடுங்கள். எனக்கு ஒரு போர்வையை வெட்ட ஒரு முழுப் பிற்பகல் ஆகிறது. இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முயன்றால் கட்டைவிரல் அடியில் கொப்புளம் உறுதி.

வெட்டியதும் ஒரு முனையைக் காலின் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் பிடித்துக்கொண்டு, கைக்கு எட்டும் நீளம் நீளமாக நாடாவை இழுத்துக்கொண்டே உருண்டையாகச் சுற்றுங்கள். கிணற்றுக் கயிற்றைச் சோதிக்கும் அளவுக்கு உறுதியாக இழுக்க வேண்டும், ஆனால் வெடுக்கென்று இழுக்க வேண்டாம். சீராக இழுக்கப்படாத நாடா, பின்னலில் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தெரியும். இந்த ஒரு வேலையில் காட்டும் பொறுமை விரிப்பின் முகத்தில் தெரிகிறது.

ஒரு நாடா முடிந்து இன்னொன்றை இணைக்க முடிச்சு போடாதீர்கள். முடிச்சு உள்ளங்காலில் கூழாங்கல்லாக உறுத்தும். இரண்டு முனைகளிலும் நுனியிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி, நீளவாக்கில் ஒரு செ.மீ. கீறல் போடுங்கள். பழைய நாடாவின் முனையைப் புதிய நாடாவின் கீறல் வழியாக நுழைத்து மூன்று விரல் வெளியே இழுங்கள். இப்போது புதிய நாடாவின் மறுமுனையை எடுத்து, வெளியே வந்திருக்கும் பழைய முனையின் கீறலுக்குள் விட்டு, முழு நாடாவையும் மெல்ல இழுத்துவிடுங்கள். இரண்டு ரப்பர் வளையங்கள் ஒன்றையொன்று கவ்வுவதுபோல் இணைப்பு தட்டையாக அமையும்.

ஊசி

தடித்த வேலைக்கு 15 மி.மீ. குறுக்களவுள்ள ஊசிகள் வேண்டும். அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம் என்றால், ஊசியைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றி அளந்து பாருங்கள், 47 மி.மீ. வந்தால் சரி. இணையத்தில் வாங்கலாம். நான் எங்கள் ஊர்க் கடைசல் பட்டறையில் பழைய தேக்குச் சட்டத்தைக் கொடுத்து 45 செ.மீ. நீளத்தில் இரண்டு கடைந்து வாங்கினேன். ஆசாரி அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“என்ன ஆச்சி, உலக்கைக்குப் பேத்தி மாதிரி இருக்கு. எதுக்கு இது?”

“விரிப்பு பின்ன, ஆசாரி.”

“இத்தாந்தண்டி ஊசிக்கு நூல எங்க போய்த் தேடுவீக?”

பின்னி முடித்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் விரிப்பைப் பார்க்கவில்லை, ஊசியின் நுனியைத்தான் தடவிப் பார்த்தார்.

அவர் தடவிப் பார்த்த இடம் சரியானது. நுனி பென்சிலைப்போல் கூராக இருந்தால் நாடாவின் பரப்பைக் கிழிக்கும். மழுங்கி இருந்தால் கண்ணிக்குள் நுழையாது. பனங்காயின் நுங்கு முனைபோல் உருண்டு குவிந்திருக்க வேண்டும். முதலில் 120 எண் உப்புத்தாள், பிறகு 220, கடைசியில் 400 என்று தேய்த்து, மெழுகு பூசித் துணியால் துடையுங்கள். எண்ணெய் பூசக் கூடாது, கறை நாடாவில் ஏறும். ஊசியின் மறுமுனையில் கண்ணிகள் நழுவாமல் இருக்கக் குமிழ் ஒன்று வேண்டும். பம்பரத்தின் தலைபோல் அதையும் சேர்த்தே கடைந்துவிடலாம்.

மாதிரித் துண்டும் கணக்கும்

இதைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. கடைசி ஒரு சாண் பின்னுவதற்கு நாடா போதாமல் கடைகடையாக அதே நிறத்தைத் தேடுகிறவர்களும் அவர்களே. 12 கண்ணிகள் ஏற்றி, 22 வரிசைகள் பின்னி முடித்து, தரையில் வைத்து அளந்து பாருங்கள் (ஏற்றும், பின்னும், முடிக்கும் முறைகள் கீழே வருகின்றன). எனக்கு ஏறத்தாழ 20 செ.மீ. சதுரம் வந்தது, அதாவது 10 செ.மீ.க்கு 6 கண்ணிகள், 11 வரிசைகள். அதன் எடை 80 கிராம். 400 சதுர செ.மீ.க்கு 80 கிராம் என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 0.2 கிராம். விரிப்பின் பரப்பு 60 பெருக்கல் 90, அதாவது 5,400 சதுர செ.மீ.; ஆகவே 1,080 கிராம் வேண்டும். இணைப்புக்கும் கழிவுக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 1,190 கிராம். இரண்டு போர்வைகளின் 1,320 கிராமில் அது அடங்குகிறது. உங்கள் கை இறுக்கமாக இருந்தால் இந்த எண்கள் மாறும், மாதிரித் துண்டில் வந்த உங்கள் எண்களை வைத்தே கணக்குப் போடுங்கள்.

60 செ.மீ. அகலத்தை ஒரே துண்டாகப் பின்ன வேண்டுமானால் 36 கண்ணிகள் வேண்டும். அத்தனை கண்ணிகள் 45 செ.மீ. ஊசியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், முடியும் தறுவாயில் ஒரு கிலோ பாலியெஸ்டர் மடியில் கிடக்கும். எங்கள் ஊர் வெயிலில் அது தண்டனை. ஆகவே 30 செ.மீ. அகலமுள்ள இரண்டு பட்டைகளாகப் பின்னி நடுவில் இணைக்கும் முறையையே பரிந்துரைக்கிறேன். பட்டைக்கு 18 கண்ணிகள், 100 வரிசைகள்.

கண்ணி ஏற்றுதல்

நாடாவின் முனையிலிருந்து 1.2 மீட்டர் விட்டு, அந்த இடத்தில் ஒரு நழுவு முடிச்சு (இழுத்தால் சுருங்கும் வளையம்) போட்டு ஊசியில் மாட்டுங்கள். இது முதல் கண்ணி. குறுகிய முனை இடக்கைக் கட்டைவிரல் மேலும், உருண்டையிலிருந்து வரும் நாடா சுட்டுவிரல் மேலும் போகும்படி இரு விரல்களையும் விரித்து, இரண்டையும் மற்ற விரல்களால் உள்ளங்கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வலக்கை ஊசியின் நுனியைக் கட்டைவிரலின் வெளிப்புற நாடாவுக்குக் கீழிருந்து மேலாக நுழைத்து, சுட்டுவிரலில் இருக்கும் நாடாவை மேலிருந்து கவ்வி, கட்டைவிரல் வளையத்துக்குள் கீழே இறக்கி, கட்டைவிரலை விடுவித்து மெல்ல இழுத்தால் அடுத்த கண்ணி ஏறும். பதினெட்டு ஆகும்வரை தொடருங்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே சுண்டுவிரல் அகலம் இடைவெளி விடுங்கள். இந்த அடி வரிசை இறுகினால் விரிப்பு ஒரு பக்கம் குறுகி முறம் போலாகிவிடும்.

பின்னுதல்

ஒரே ஒரு கண்ணி வகை போதும். பின்னலில் நிட், பர்ல் என்று இரண்டு உண்டு. எல்லா வரிசைகளிலும் நிட் மட்டுமே போட்டால் இரு பக்கமும் ஒரே மாதிரி மேடும் பள்ளமுமாக, வயல் வரப்புகளைப்போல் எழும்பி நிற்கும் துணி கிடைக்கும். இரண்டையும் வரிசைக்கு வரிசை மாற்றிப் போட்டால் வழவழப்பான முகம் வரும், ஆனால் ஓரங்கள் சுருளும். தரையில் சுருளும் விரிப்பு காலைத் தட்டிவிடும்.

நிட் போடும் முறை இது. கண்ணிகள் இருக்கும் ஊசி இடக்கையில், வெற்று ஊசி வலக்கையில். நாடா பின்பக்கம் இருக்கட்டும். வலது ஊசியின் நுனியை முதல் கண்ணிக்குள் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக, இடது ஊசிக்குக் கீழே குறுக்காகப் போகும்படி நுழையுங்கள். பின்னால் இருக்கும் நாடாவை அந்த நுனியின் மேல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியால் அந்தச் சுற்றைக் கண்ணிக்குள்ளிருந்து முன்னால் வெளியே கொண்டுவாருங்கள். இப்போது பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றி மீண்டும் தொடங்குங்கள். மெல்லிய நூலில் விரல் நுனிகள் மட்டும் அசையும்; இங்கே மணிக்கட்டும் தோளும் அசைகின்றன. ஊஞ்சலில் உட்கார்ந்து பின்னினால் ஊசியின் முனைகள் சங்கிலியில் இடிக்கும். கைப்பிடி இல்லாத நாற்காலியே வசதி.

ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியைப் பின்னாமல், நாடாவை முன்பக்கம் வைத்துக்கொண்டு, ஊசியை வலமிருந்து இடமாக நுழைத்து அப்படியே வலது ஊசிக்கு மாற்றுங்கள். பிறகு நாடாவை இரு ஊசிகளுக்கும் நடுவே பின்னால் அனுப்பிவிட்டு இரண்டாவது கண்ணியிலிருந்து பின்னுங்கள். இதனால் ஓரம் முழுவதும் சங்கிலி போல் சீரான வளையங்கள் வரிசையாக அமையும். பட்டைகளை இணைக்கும்போது இந்தச் சங்கிலியின் அருமை தெரியும்.

இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு என்ற கணக்கில் ஒவ்வொரு பட்டையும் ஐம்பது வரப்புகள். கண்டாங்கிக் கட்டத்துக்காக, பத்து வரப்புக்கு ஒருமுறை நிறம் மாற்றுங்கள். முதல் பட்டை அரக்கில் தொடங்கி அரக்கு, மஞ்சள், அரக்கு, மஞ்சள், அரக்கு என்று போகட்டும். இரண்டாவது மஞ்சளில் தொடங்கி அதற்கு நேர் எதிராகப் போகட்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கட்டங்கள் மாறி மாறி அமையும், இரு நிறங்களும் சமமாகவே செலவாகும். இருபது வரிசை என்பது இரட்டைப்படை எண் என்பதால் நிறமாற்றம் எப்போதும் ஒரே ஓரத்தில் வரும். நிறம் மாறும் இடத்தில் ஒரு பக்கம் கோடு நேராகவும் மறுபக்கம் புள்ளி புள்ளியாகவும் தெரியும். நேர்க்கோடு தெரியும் பக்கத்தை மேல்பக்கம் என்று ஒரு சிறு நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் கண்ணி ஒன்று ஊசியிலிருந்து நழுவினால் பதற வேண்டாம். மெல்லிய நூலைப்போல் அது கிடுகிடுவென்று கீழே ஓடாது. ஃப்ளீஸின் சொரசொரப்பு அதை அங்கேயே பிடித்து வைத்திருக்கும். விரலால் எடுத்து ஊசியில் மாட்டிவிடலாம். இதே சொரசொரப்பு பிரிக்கும்போது எதிரியாகும். நான்கு வரிசைகளுக்கு மேல் பிரிக்க நேர்ந்தால் நாடா பஞ்சுபோல் கிளறப்பட்டுவிடும் என்பதால், வரிசை முடியும்தோறும் பதினெட்டு இருக்கின்றனவா என்று எண்ணிவிடுவது மலிவான காப்பீடு.

முடித்தலும் இணைத்தலும்

கடைசி வரிசையில் முதல் இரண்டு கண்ணிகளைப் பின்னி, முதலாவதை இடது ஊசியால் தூக்கி இரண்டாவதன் மேலாகத் தாண்டவிட்டு இறக்குங்கள். வலது ஊசியில் ஒன்று மிஞ்சும். இன்னொன்றைப் பின்னி, மீண்டும் பழையதைத் தாண்டவிடுங்கள். கடைசிக் கண்ணி மிஞ்சியதும் நாடாவை ஒரு முழம் விட்டு வெட்டி, அந்தக் கண்ணிக்குள் நுழைத்து இழுங்கள். இந்த வரிசையை வேண்டுமென்றே தளர்வாகச் செய்யுங்கள்.

இரண்டு பட்டைகளையும் மேல்பக்கம் மேலே தெரிய, நீளவாக்கில் அருகருகே கிடத்துங்கள். இரண்டிலும் வரப்புகள் ஐம்பதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் கட்டங்கள் கோணும். ஒரு செ.மீ. அகலத்தில் வெட்டி இழுத்த அரக்கு நாடாவைக் கோணி ஊசியில் கோத்து, இடப் பட்டையின் சங்கிலி வளையம் ஒன்று, வலப் பட்டையின் எதிர் வளையம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டு போங்கள். பத்து வளையத்துக்கு ஒருமுறை இழுத்துச் சமப்படுத்தினால் போதும். மிச்ச முனைகளை அடிப்பக்கத்தில் ஐந்தாறு வளையங்களுக்குள் நுழைத்து, அதே நிறப் பாலியெஸ்டர் நூலால் இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள்.

தரையில் போடுமுன்

ஆத்தங்குடிக் கல் தேய்ந்து மெருகேறிய தரை, அதன் மேல் பாலியெஸ்டர். என் முதல் விரிப்பைப் போட்ட அன்று, கையில் காப்பித் தம்ளரோடு வளவில் நான் சறுக்கிய சறுக்கலை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். விரிப்புக்கு அடியில் வைக்கும் ரப்பர் வலை கடைகளில் கிடைக்கிறது; விரிப்பைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் குறைவாக வெட்டி, அடிப்பக்கத்தில் கைத்தையல் போட்டுப் பிணைத்துவிடுங்கள். மாடிப்படி உச்சியிலும் நிலைவாசலிலும் வலை இருந்தாலும் போட வேண்டாம்.

நெருப்பு இன்னொன்று. பருத்தி கருகும், பாலியெஸ்டர் உருகி ஒட்டும். குத்துவிளக்கு, அகல், கணப்பு, அடுப்பு எதற்கும் அருகில் இது கூடாது. மிச்ச நாடாவில் பிடிதுணி பின்னலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான்: சூடான வாணலியைப் பிடித்தால் துணி உருகி விரலில் ஒட்டிக்கொள்ளும்.

துவைப்பதைக் குறைத்து, உதறுவதைக் கூட்டுங்கள். துவைக்கும்போது குளிர்ந்த நீரும் குறைந்த சோப்பும் போதும். ஃப்ளீஸ் ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிழைகளை நீரில் விடுகிறது என்பதால் கையால் அலசி, அந்த நீரை மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுவது என் வழக்கம். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே நீண்டு கட்டங்கள் சாய்ந்துவிடும். நிழலில் கயிற்றுக் கட்டில் மேல் கிடத்திக் காயப்போடுங்கள். இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வரக் கூடாது.

இதே நாடாவை 5 செ.மீ. அகலத்தில் வெட்டி, ஊசியே இல்லாமல் முன்கைகளில் கண்ணிகளை ஏற்றிப் பின்னும் முறையும் உண்டு. கழுத்துத் துண்டு ஒன்று அரை மணியில் முடியும், ஆனால் கண்ணிகள் பெரிதாகத் திறந்து நிற்பதால் விரிப்புக்கு அது உதவாது. குழந்தையின் கால்விரல் மாட்டிக்கொள்ளும். கூடை பின்ன நினைப்பவர்கள் ஃப்ளீஸை விட்டுப் பனியன் துணிக்கு மாறிக்கொள்ளுங்கள், ஃப்ளீஸ் கூடை நிமிர்ந்து நிற்காது. நறுக்கிய மூலைகளையும் ஓரத் துண்டுகளையும் எறியாமல் ஒரு பையில் சேர்த்து வைத்தால், மூன்று விரிப்புகளுக்குப் பிறகு ஊஞ்சல் பலகைக்கு ஒரு சிறு திண்டு அடைக்கும் அளவு வரும். என் வீட்டுத் திண்டுக்குள் அந்த முதல் போர்வையும் இருக்கிறது.